வெந்நீர்

பெரிய பாட்டில் தண்ணீர் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாள் நவமணி.

கடைக்காரன் தினேஸ்வரன் சிரித்தான். "என்னாக்கா, அண்ணனுக்கு இனிமே மினரல் தண்ணியிலதான் குளியலா? மேனேஜர் பங்களாவுலகூட இப்படி இல்லலா."

"ஆமாப்பா. குளிக்கணும்."

கொழுந்துக் கூடையில் பாட்டில்களை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சை மலை, ஓர் அருவி.

தோட்டத்து லயன் வீடுகளுக்கு மேலே இருந்த மலையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது உச்சிவரை வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே ஸ்ட்ராபெரியும் சாலட் கீரையும். சாயங்காலமானால் லோரிகள் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடும். சின்னப் புள்ளி விழுந்த கீரையைக் கழித்து ஓடையோரம் கொட்டுவார்கள். லயனுக்கு வர வேண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த கீரை அங்கே மலையாய் அழுகிக் கிடக்கும்.

பண்ணைத் தொட்டிகள் நிறைந்து மிஞ்சியதுதான் லயனுக்கு. அதுவும் மொட்டை மலையின் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து குழாயை அடைத்துவிடும்.

காலையில் எழுந்ததும் அவள் கணவர் தங்கையா மேலே ஏறிப்போய்க் குழாய் வாயில் சேறு அள்ளுவார். நெஞ்சு வலிக்காரர், வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். இன்றும் போனார். தலைமுதல் கால்வரை சேறாகத்தான் வீடு வந்து சேர்ந்தார். கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சேற்று உடம்போடு ஒருநாளும் அவர் நிலைப்படி தாண்டியதில்லை. வாசலில் நின்று வெந்நீருக்குக் குரல் கொடுப்பார். மலையில் பிறந்துவிட்டுக் குளிருக்குப் பயப்படும் மனுஷன் என்று அவள் கேலி செய்தபடியே அடுப்பை மூட்டுவாள்.

அக்கம்பக்கத்தார் அவருக்காக வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். செக்கச் சிவப்பாக இருந்தது. எவ்வளவு நேரமாகியும் தெளியவில்லை. சேற்றைக் கழுவச் சேற்றுத் தண்ணீரா? அவளுக்கு மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்தவள் பின்வாசல் வழியாக நுழைந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெரிய பாத்திரத்தில் ஊற்றினாள். கண்ணாடி போல் இருந்தது தண்ணீர். அடுப்பைப் பற்றவைத்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு ஓடி வந்தாள். "சுட வைக்கக் கூடாதும்மா. பச்சத் தண்ணிதான் ஊத்தணும்."

"பச்சத் தண்ணி அவருக்கு ஆகாதுக்கா."

வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மகன் ஷர்வின் குனிந்து, அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அடுப்பை அணைக்க நீண்ட அம்மாக்கண்ணுவின் கை பாதியில் நின்றது.

நவமணி விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும்.