வெள்ளி மை வட்டங்கள்

பாலாற்றங்கரைப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஜன்னல் வழியே தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை வருகிறது. நகராட்சியிலிருந்து வந்த பொறியாளரைத் தவிர, கூடியிருக்கும் தெருப் பெண்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பெஞ்சின் மேல், அவர்கள் தெருவுக்கு வரப்போகும் பூங்காவின் வரைபடம். ஊஞ்சல், நடைபாதை, புல்தரை எல்லாம் பச்சை மையில் அழகாக இருக்கின்றன. "எது எங்க வேணுமோ அங்க வட்டம் போடுங்கம்மா," என்று பொறியாளர் பேனாவை நீட்டுகிறார். சாந்தகுமாரி அதை வாங்காமல், தன் பையிலிருந்து வெள்ளி மைப் பேனாவை எடுக்கிறாள். ஷூ கம்பெனியில் பதினொரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை: வெட்டப்போகும் தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறலையும் ஓட்டையையும் வட்டமிடுவது. வட்டத்தை விட்டு மற்ற இடத்தில்தான் கத்தி இறங்கும். அதே பழக்கத்தில் இடது கை வரைபடத்தை நீவுகிறது. வலது கை வட்டம் போடுகிறது. "இங்க கழிவு கொட்டுனாங்க சார். இங்க போர் தண்ணி ஒரே உப்பு, வேப்பங்கன்னுகூட கருகிப்போச்சு. இங்க மழை பேஞ்சா மஞ்சளா ஊறும்." ஊஞ்சலின் மேல் ஒரு வட்டம், புல்தரையின் மேல் மூன்று. பக்கத்தில் நிற்கும் பெண்ணொருத்தி, விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறாள். "வேணும்ங்கறத போடச் சொன்னேம்மா," என்கிறார் பொறியாளர், குரல் இறங்கி. சாந்தகுமாரி திடுக்கிட்டுப் பேனாவை மூடுகிறாள். தாளில் வட்டம் படாத இடமே இல்லை. "இப்டி ஒரு தோல் வந்தா நாங்க வெட்டமாட்டோம் சார், திருப்பி அனுப்பிடுவோம்," என்கிறாள். வெயில் பெஞ்சை விட்டு இறங்கிவிட்டது. "இத யாருக்கு சார் திருப்பி அனுப்புறது?"