சுற்றுவழி டிக்கெட்

"நம்ம லோமே ஊர்லருந்து டாக்கார் ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேர் விமானத்துல மூணு மணி நேரம்தாண்ணே," என்றாள் டிக்கெட் அலுவலகத்து அகூவி.

"அபிஜான்ல இறங்கி, வேற விமானம் மாறிச் சுத்திப் போனா?" என்று கேட்டான் மாவுலி.

"ஏழு மணி நேரம் இழுக்கும்."

"அதுலயே ரெண்டு டிக்கெட் போடும்மா. பக்கத்துப் பக்கத்து சீட்டா."

"எல்லாரும் சீக்கிரம் போகத்தானே பார்ப்பாங்க?"

மாவுலி தயங்கினான். "அங்க தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பா போனதுலருந்து எடெம் அண்ணன் என்கிட்ட பேசறதில்லை. வீட்டுல என்னைக் கண்டாலே எழுந்து போயிடுவாரு. விமானத்துல எங்க போவாரு?"

பெயர்களைத் தட்டிய அகூவி, திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"காலையிலேயே உங்கண்ணன் வந்துட்டுப் போயிட்டாரு. இதே சுத்து விமானத்துலதான் ரெண்டு சீட்டு போட்டிருக்காரு. ஒண்ணு உங்க பேர்ல."