மூன்றாம் நபரின் சம்மதம்

சர்க்கரைதானா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் காபியில் போட்டேன். இப்போதெல்லாம் ஒரு டம்ளர் போதும். காவல் நிலையத்திலிருந்து ஏட்டம்மா அழைத்தார்.

"சார், உங்க மனைவி வானதி விபத்துக்கு முன்னாடி, போறவங்க வர்றவங்களை விசாரிக்கிற நம்ம சிக்னல் கம்பத்துகிட்ட பேசின பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டிருந்தீங்கல்ல? அதுல மூன்றாம் நபர் ஒருத்தரைக் கிண்டல் பண்றாங்க. அவர் சம்மதிச்சாதான் தரமுடியும்."

"யார் அவர்?"

"நீங்கதான் சார்."

"சம்மதம்."

ஏட்டம்மா சிரித்துவிட்டுப் பதிவை போனிலேயே ஓடவிட்டார். கம்பம் வழக்கமான சந்தேகத்தோடு விசாரித்தது: "ஏம்மா, தனியா சிரிக்கிறீங்க?"

"எங்க வீட்டுக்காரர் இன்னிக்குக் காபியில உப்பைப் போட்டுட்டார். நானும் பிரமாதம்னு சொல்லிக் குடிச்சிட்டு வந்துட்டேன். இப்பத்தான் அவர் வாயில வச்சிருப்பார்!"