வரேன்

வாழ்க்கையை நடத்திப் பார்க்கும் பழைய கணினி விளையாட்டு ஒன்றில் எங்கள் குடும்பத்தையே குடிவைத்திருந்தேன். அப்பா நிஜத்தில் இறந்த பிறகும் அதில் இருந்தார்.

அந்த ஆட்கள் தமிழில் பேசுவதற்கு நானே ஒரு மாட், அதாவது விளையாட்டோடு சேர்க்கும் ஒட்டு நிரல், எழுதினேன். வேலைக்குக் கிளம்பும்போது எல்லோரும் "போறேன்" என்றார்கள். எட்டிப் பார்த்த அம்மா முகம் சுளித்தாள்.

"வாசல்ல நின்னு யாராவது போறேன்னு சொல்வாங்களா? அன்னிக்கு உங்கப்பா அப்படித்தான் சொல்லிட்டுக் கிளம்பினாரு. வரேன்னு மாத்துடா."

கோப்பு முழுக்க ஒரே தட்டில் மாற்றினேன். விளையாட்டில் சாகிறவர்கள் கடைசியாகச் சொல்வதும் அதே "போறேன்"தான் என்பதை மறந்துவிட்டேன்.

அன்று மாலை விளையாட்டில் அப்பாவின் ஆயுள் முடிந்தது. "வரேன்" என்று சொல்லிவிட்டு மறைந்தார். நான் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை விளையாட்டில் நல்ல மழை. அப்பா கதவைத் திறந்துகொண்டு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். மாட் செய்யும் கோளாறு என்று அதை நீக்கினேன். அப்போதும் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அப்பா இறந்ததிலிருந்து யாரும் தொடாத அவருடைய செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"இது எப்படிடா நனைஞ்சுது?"