ஒன்பது பூக்கதிர்கள்

களைச்செடியை அடையாளம் காண்பது என் உத்தியோகம். அன்று போன வீட்டில், ஒரு அம்மாளின் கொல்லையில் ஆளுயரத் தண்டு, அகல இலை, மஞ்சள் பூவிலிருந்து சிவப்பாக நீளும் இழை. கிழங்கைக் கீறி முகர்ந்தேன், இஞ்சி வாசம். யாரோ அழகுக்கு வைத்து, இன்று காட்டையே வளைத்துக்கொண்டிருக்கும் செடிதான். படிவத்தில் பூக்கதிர் ஒன்பது என்று எழுதினேன்.

மற்ற தண்டுகளில் கதிரை மட்டும் சாய்வாக நறுக்கியிருந்தது.

"யாரும்மா வெட்டறது?"

"எங்க வீட்டுக்காரர். விதை விழக்கூடாதுன்னு. இடது கைப் பழக்கம், அதான் அந்தச் சாய்வு."

"கூப்பிடுங்க, கையெழுத்து வேணும்."

"அவர் தவறி மூணு வருஷம் ஆச்சே தம்பி" என்றார், மணி எத்தனை என்று சொல்வதுபோல.

வெட்டிய இடத்தில் சாறு காயவில்லை. நான் செடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"எல்லாத்தையும் கிழங்கோட தோண்டி எடுத்தாகணும்மா."

"ஒரு தூரையாவது விட்டுடுங்க. வெட்ட ஒண்ணுமே இல்லன்னா அவர் எதுக்கு வருவாரு?"

திரும்பி மறுபடி எண்ணினேன். ஓரத்துத் தண்டில் கதிர் இல்லை, ஈரமான சாய்வு வெட்டு மட்டும் இருந்தது. படிவத்தில் ஒன்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். அகற்ற வேண்டிய தூர்கள் என்ற இடத்திலும் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன்.