ஒரு குரல் மட்டும்

அறுபத்தேழாம் வருஷத் தேர்தல் மைக் ஓய்ந்த கையோடு, கொளஞ்சியப்பன் காதுக்குள் ஆறு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த குரல்களும் ஓய்ந்துவிட்டன. எல்லாம் சிதம்பரத்து டாக்டர் கொடுத்த மாத்திரையின் புண்ணியம்.

ஆனால் போன மாசத்திலிருந்து புதுசாக ஒன்று கிளம்பியிருந்தது. பெண்டாட்டி தனத்துக்குத் தெரிந்தால் இடிந்துபோவாள் என்று, அவளிடம் மூச்சுவிடாமல் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டான்.

"என்னா சொல்லுது?" என்றார் டாக்டர்.

"'கொளஞ்சி, மாத்திரை போட்டியா?'ங்குதுங்க. மஞ்சக்குப்பத்துல முடி வெட்டிக்க ஒக்காந்தா பின்னாலேருந்து கேக்குது. மீன் மார்க்கெட்டுல பத்துப் பொம்பளைங்க குரல்ல கேக்குது. இப்ப வர்றப்ப பஸ்ஸுலகூட!"

"யாருன்னு திரும்பிப் பாத்தியா?"

"கொரல் கேட்டா திரும்பாத, பதில் பேசாதன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க!"

டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதப் பேனாவைத் திறந்தார்.

"கொளஞ்சி, மாத்திரை போட்டியா?"

"பாத்தீங்களா, வந்துடுச்சு!" கொளஞ்சி காதைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கும் கேக்குதுய்யா!" என்றார் டாக்டர்.

ஜன்னலில் கம்பவுண்டர் நின்றிருந்தார். "தனம் சொல்லியிருக்குது சார். இவரைப் பாக்குறவுங்க எல்லாரும் கேக்கணுமாம்."

டாக்டர் பேனாவை மூடினார். 'நாலு பேர் ஞாபகப்படுத்தினா நல்லது' என்று தனத்திடம் சொன்னதும் அவர்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், "கொளஞ்சி, மாத்திரை போட்டியா?"

முதல் தடவையாகக் கொளஞ்சி திரும்பிப் பார்த்தான். "போட்டுட்டேண்ணே!"

"அப்பாடா!" என்றது பஸ் மொத்தமும்.