கோதுமைக் கட்டுப் பெண்

"ஏங்க, ஓடி வாங்க! ஆரம்பிச்சுடப் போறாங்க!" ராதோய்கா கணவரைத் தியேட்டருக்குள் இழுத்தாள்.

"டிராக்டர் படம்தானேடி? எப்பப் போனாலும் உழுதுக்கிட்டுத்தான் இருப்பான்," என்ற ஸ்தோய்மெனும் மூட்டுவலியோடு ஓடினார்.

உட்கார்ந்ததும் விளக்கு அணைந்தது. திரையில் அரசாங்க ஸ்டுடியோவின் முத்திரை. அதில் கோதுமைக் கட்டைத் தூக்கிப் பிடித்து ஓர் இளம்பெண் சிரித்தாள். படத்தின் பெயர் வந்ததும் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"இப்பத்தானேம்மா ஆரம்பிக்குது?" டிக்கெட் கிழிப்பவர் திகைத்தார்.

"எங்களுக்குப் போதும் தம்பி."

தெருவுக்கு வந்ததும் ராதோய்கா கிசுகிசுத்தாள். "போன வாரத்துக்கு இளைச்சிருக்கா, இல்ல?"

"அதே பிலிம்தாண்டி!"

நாட்டைவிட்டு வியன்னாவுக்குத் தப்பிப்போன மகளின் போட்டோக்களையெல்லாம் போலீஸ் வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவள் சிரிக்கும் அந்த முத்திரையை வெட்டத்தான் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.